அரசு மறைக்கலாம், கடல் மறைக்குமா?

நடுவர் அவர்களே, வாவிக்கரைக் காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்து வெக்கையில் வந்து அமர்ந்திருக்கும் மட்டக்களப்பு மக்களே, வணக்கம்.

“எம்.எச். 370 ஒளித்து வைக்கப்பட்டதா, கடலில் விழுந்ததா?” விழுந்தது என்பது எங்கள் கட்சி. 2014 மார்ச் 8 அதிகாலை, கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கி 239 பேருடன் கிளம்பி, வழியில் காணாமல்போன மலேசிய விமானம் அது. எதிரணித் தலைவர் அதை இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியாவின் அமெரிக்கத் தளத்தில் பத்திரமாகத் தரையிறக்கிவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். விமானிக்குக்கூட வாய்க்காத திறமை!

ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி தைத்தது. “காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்துடன் தாய்மார் வீதியில் நிற்கும் மண்ணில், அரசு சொல்வதை நம்பச் சொல்கிறீர்களா?” வேண்டாம் ஐயா, நம்பவேண்டாம். விமானம் மேற்கே திரும்பியதைத் தன் இராணுவ ரேடார் பதிந்திருந்தும், தென்சீனக் கடலிலும் தேடிக்கொண்டே ஒரு வாரத்தைப் போக்கியது மலேசியா. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அரசு மறைத்தது என்பதற்காகக் கடலும் மறைக்குமா?

2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் மேற்கே உள்ள ரீயூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒன்று கரையொதுங்கியது. அது இந்த விமானத்தினுடையதுதான் என்று உறுதிசெய்தது மலேசியா மட்டுமல்ல, பிரெஞ்சு நீதித்துறையும்தான். “கொண்டுபோய்ப் போட்டிருப்பார்கள்” என்கிறார்கள். அதன்மேல் ஒட்டி வளர்ந்திருந்த கடற்சிப்பிகளையுமா? இலங்கையில் பிறந்த கடலியல் பேராசிரியர் சரித பட்டியாராச்சியிடம் எங்கே தேடலாம் என்று கேட்டுக்கொண்டு போன ஓர் அமெரிக்கர், 2016இல் மொசாம்பிக் கரையில் இன்னொரு துண்டை எடுத்தார். வாடைக் காற்றில் எது எந்தக் கரைக்கு வரும், கச்சான் காற்றில் எது போகும் என்று கல்லடி மீனவரிடம் கேட்டுப் பாருங்கள். நீரோட்டத்தை நம்பாமல் அவர் தோணி இறக்கமாட்டார்.

மலேசியாவின் 2018 விசாரணை அறிக்கையில் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருப்பதைத் தூக்கிக் காட்டினார்கள். உண்மைதான். வெளியார் தலையீட்டையும் அது மறுக்கவில்லை. விமானியா, வேறொருவரா, பழுதா என்று இன்னும் நூறு மேடையில் வாதாடலாம். ஏன் விழுந்தது என்பது தெரியாததால், விழவே இல்லை என்று ஆகிவிடுமா?

இனி முடிச்சு. ரேடாரிலிருந்து மறைந்த பிறகும் காலை 8.19 வரை அந்த விமானம் பிரித்தானிய நிறுவனமொன்றின் செயற்கைக்கோளுக்குப் பதில் சமிக்ஞை அனுப்பியது. எரிபொருள் தீரவேண்டிய நேரமும் ஏறத்தாழ அதுவே. சமிக்ஞை போய்வந்த நேரத்தை வைத்துக் கணித்தால், செயற்கைக்கோளுக்கு நேர் கீழுள்ள புள்ளியிலிருந்து விமானம் பல ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி இருந்திருக்கவேண்டும். டியேகோ கார்சியாவோ அந்தப் புள்ளிக்கு அதைவிட மிக அருகில் இருக்கிறது. அங்கே விமானம் நின்றிருந்தால் சமிக்ஞை இன்னும் விரைவாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்து எழும் எதிரணிப் பேச்சாளர் வேறெதற்கும் பதில் சொல்லவேண்டாம். அந்தத் தூரத்தை மட்டும் எப்படிக் குறைப்பார் என்று சொல்லட்டும்.