மதுரை மக்களவைத் தொகுதி: கூட்டணிகள் எழுதிய வரலாறு

[திரையில்: வைகைப் பாலம், தொலைவில் மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்கள்]

வணக்கம். 1967க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டைத் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறி மாறி ஆண்டன. ஆனால் மாநில அரசியலின் திசையையே தீர்மானிக்கும் ஊர் என்று பெயர் பெற்ற மதுரையிலிருந்து, தங்கள் சொந்தச் சின்னத்தில் நின்ற ஒருவரை மக்களவைக்கு அனுப்பும் வாய்ப்பு இவ்விரு கட்சிகளுக்கும் தலா ஒரே ஒரு முறைதான் கிடைத்தது. தி.மு.க.வுக்கு 2009இல், அ.தி.மு.க.வுக்கு 2014இல். 1952 முதல் 2024 வரை நடந்த 18 பொதுத்தேர்தல்களில் காங்கிரஸ் எட்டு முறையும், இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து ஆறு முறையும், தமிழ் மாநில காங்கிரசும் ஜனதா கட்சியும் தலா ஒரு முறையும் வென்றிருக்கின்றன. இது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: பழைய மதுரையின் கறுப்பு வெள்ளைப் படங்கள்]

முதல் பொதுத்தேர்தலில் மதுரை, இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. அப்படி மக்களவைக்குச் சென்ற காங்கிரஸ்காரர்களில் ஒருவர் பி. கக்கன். 1939இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஒடுக்கப்பட்டோரில் ஒருவரான அவர், பதின்மூன்றே ஆண்டுகளில் அதே மதுரையின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தத் தொகுதியின் கதையை இதைவிடப் பெருமையோடு தொடங்க முடியாது என்றே கருதுகிறேன்.

அடுத்த தேர்தலிலேயே காற்று திசை மாறியது. 1957இல் வென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.டி.கே. தங்கமணி. இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியும், தொழிற்சங்கப் பணியைத் தன் வாழ்க்கையாக்கிக் கொண்டவர் அவர். கோயில் நகரம் என்று மட்டும் மதுரையை அறிந்தவர்களுக்கு இந்த வெற்றி வியப்பளிக்கலாம். ஆனால் அன்றைய மதுரை ஒரு மில் நகரமும்கூட. ரயில் நிலையத்தை ஒட்டிய ஹார்வி மில்லின் சங்கு ஊதுவதைக் கேட்டு வீடுகளில் உலை வைத்த காலம் அது. ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளர்களிடம் வாயில் கூட்டம் போட்டுப் பேசிப் பேசியே செங்கொடிச் சங்கங்கள் வேரூன்றின. அந்த வேர் இல்லாமல் பின்னாளைய முடிவுகள் எதையும் விளக்க முடியாது.

இதற்கு இணையான இன்னொரு வேர் காங்கிரசுக்கு இருந்தது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறியும் சாயமுமாக வாழ்ந்த சௌராஷ்டிர மக்களிடையே சுதந்திரப் போராட்டக் காலத்திலிருந்தே அக்கட்சிக்கு ஆழ்ந்த செல்வாக்கு உண்டு. 1962இல் வென்ற, ‘மதுரை காந்தி’ என்று போற்றப்பட்ட என்.எம்.ஆர். சுப்பராமன், அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். பின்னர் வென்ற ஏ.ஜி. சுப்புராமனும் அவருடைய மகன் ஏ.ஜி.எஸ். ராம்பாபுவும் அவ்வாறே.

1967இல் காங்கிரசுக்கு எதிராகத் தி.மு.க. அமைத்த அணியில் மதுரை மார்க்சிஸ்ட் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது, பி. ராமமூர்த்தி வென்றார். சிறையில் இருந்தபடியே 1952இல் மதுரை வடக்கு சட்டமன்றத் தொகுதியைக் கைப்பற்றியவர் அவர். இந்த 1967 ஏற்பாடுதான் பிற்கால மதுரைக்கு அச்சாக அமைந்தது. மாநிலத்தை ஆள விரும்பும் கட்சி சட்டமன்ற இடங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஊரில் ஏற்கெனவே வேர் பிடித்திருக்கும் தோழமைக் கட்சிக்கு மக்களவை இடத்தை விட்டுக்கொடுத்தது.

[திரையில்: 1971 முதல் 2004 வரை வென்றவர்களின் பெயர்களும், அவர்கள் இடம்பெற்ற கூட்டணிகளும்]

இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஆர்.வி. சுவாமிநாதன் 1971இல் தி.மு.க. ஆதரவோடும் 1977இல் அ.தி.மு.க. ஆதரவோடும் வென்றார். ஏ.ஜி. சுப்புராமன் 1980இல் தி.மு.க. அணியில் வென்றார், 1984இல் அ.தி.மு.க. அணியில் வென்றார். ராம்பாபு 1989, 1991 தேர்தல்களில் அ.தி.மு.க.வின் தோழமையோடு கை சின்னத்தில் வென்று, 1996இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசுக்குச் சென்று, தி.மு.க.வின் தோழமையோடு சைக்கிள் சின்னத்தில் வென்றார். மார்க்சிஸ்ட் கட்சியின் பி. மோகன் 1999இல் அ.தி.மு.க. அணியிலும் 2004இல் தி.மு.க. அணியிலும் வென்றார். ஒருமுறைக்கு மேல் வென்ற இந்த நால்வரும் இரு திராவிடக் கட்சிகளின் தோள்களிலும் ஏறியே டெல்லி சென்றிருக்கிறார்கள். வாக்காளர் மனம் மாறிக்கொண்டே இருந்தது என்பதைவிட, வேட்பாளர் நிலைத்திருக்க அவர் நின்ற அணிதான் மாறியது என்று சொல்வதே சரி.

திராவிடக் கட்சிகளுக்கு மதுரையில் வலிமை இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. மாநிலம் முழுவதும் இரண்டே இடங்களில்தான் வென்றது, ஆட்சியும் கலைக்கப்பட்டது. சில மாதங்களிலேயே வந்த சட்டமன்றத் தேர்தலில், மதுரை மேற்கில் நின்ற எம்.ஜி.ஆர்., தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கத்தைத் தோற்கடித்து மீண்டும் முதலமைச்சரானார். அதே பொன். முத்துராமலிங்கத்தைத்தான் 1999இல் மோகன் எதிர்கொண்டு வென்றார்.

இடையில் 1998இல் ஜனதா கட்சியின் சுப்பிரமணியன் சுவாமி அ.தி.மு.க. கூட்டணியில் வென்றார். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்ததால் அவருடைய பதவிக்காலம் ஏறத்தாழ ஓராண்டோடு முடிந்தது.

[திரையில்: தொகுதி மறுவரையறைக்குப் பிந்தைய வரைபடம்]

2009 தேர்தலுக்கு முன் தொகுதியின் எல்லையே மாறியது. திருப்பரங்குன்றம் விருதுநகர் தொகுதிக்குப் போனது. சமயநல்லூர் என்ற சட்டமன்றத் தொகுதி இல்லாமற்போனது. இப்போது மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறும் சேர்ந்ததே மதுரை மக்களவைத் தொகுதி. அந்தத் தேர்தலில் தி.மு.க. தானே களமிறங்கியது. மு.க. அழகிரி 4,31,295 வாக்குகள் பெற்று, அ.தி.மு.க. அணியில் நின்ற மோகனை 1,40,985 வாக்குகளில் வென்று, மத்திய அமைச்சரும் ஆனார். எளிமைக்காக எல்லாக் கட்சியினரும் மதித்த மோகன் அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். 2014இல் பெரிய கட்சிகள் தனித்தனியே மோத, அ.தி.மு.க.வின் ஆர். கோபாலகிருஷ்ணன் ஏறத்தாழ 2 லட்சம் வாக்குகளில் வென்றார். மும்முறை வென்றிருந்த மார்க்சிஸ்ட் கட்சி, துணையின்றி நின்று டெபாசிட்டையே இழந்தது. கூட்டணி என்றால் என்ன என்பதை மதுரையில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் முடிவு வேறில்லை.

ஐந்தே ஆண்டுகளில் அதே கட்சி தி.மு.க. அணிக்குத் திரும்பியது. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். மாசி வீதிகளில் சித்திரைத் தேரோட்டமும் அன்றுதான். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்க வேண்டும். அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு ஊரே திரளும். தேர்தலைத் தள்ளிவைக்கக் கோரி வழக்குகள் நடந்தும் தேதி மாறவில்லை. அதற்கு மாற்றாக மதுரைக்கு மட்டும் வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. காலையில் தேர் வடம் பிடித்தவர்களும் மாலையில் விரலில் மை வைத்துக்கொள்ள வழி கிடைத்தது. திருவிழா நாள்களைக் கணக்கில் கொள்ளாமல் இவ்வூரில் தேர்தல் தேதி குறிப்பது மக்களைச் சிரமப்படுத்துவதே ஆகும். ஆயினும் 2024இல் மீனாட்சி பட்டாபிஷேக நாளான ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு நடந்தது.

2019இல் வென்றவர், மதுரையின் வரலாற்றை நாவலாக்கிச் சாகித்திய அகாடமி விருது பெற்ற எழுத்தாளர் சு. வெங்கடேசன். வாக்கு வித்தியாசம் 1,39,395. 2024இல் அது 2,09,409 ஆக உயர்ந்தது.

[திரையில்: 2024 வாக்கு விவரம்]

அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் பிரிந்து நின்றதுதான் இதற்குக் காரணம் என்று சொல்வோர் உண்டு. எண்களைக் கூட்டிப் பார்ப்போம். இரண்டாம் இடம் பெற்ற பா.ஜ.க.வுக்கு 2,20,914, மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட அ.தி.மு.க.வுக்கு 2,04,804. இரண்டும் சேர்ந்தால் 4,25,718. வெங்கடேசன் பெற்றதோ 4,30,323. வித்தியாசம் 4,605 வாக்குகள்தான். ஆகவே பிளவு மட்டுமே அவரை வெல்ல வைத்தது என்பது கணக்குக்குப் பொருந்தவில்லை. அதேவேளையில், அவ்விரு கட்சிகளும் ஓரணியில் நின்றிருந்தால் போட்டி கடுமையாகியிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.