கடலைக் கணக்கிட்டவர் சட்டமன்றம் போன கதை

(பள்ளி அறிவியல் நாள் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அரை நாள் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்களே, இந்தப் பந்தலுக்கு நாற்காலி முதல் மைக் வரை அலைந்து ஏற்பாடு செய்த நூலகர் ஐயா அவர்களே, பெற்றோர்களே, என் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். சங்கத் தலைவர் ஐயா எனக்குப் போர்த்திய துண்டு இந்த ஊர்த் தறியில் நெய்தது. பட்டுச் சால்வையை விட இதைத்தான் பெருமையாக நினைக்கிறேன்.

'அரசியலுக்கு வந்த விஞ்ஞானி' என்று தலைப்புக் கொடுத்தார்கள். கலாம் ஐயாவைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டவர் கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைச் சேர்ந்தவர். பெயர் ஆண்ட்ரூ வீவர். வீவர் என்றால் நெசவாளர். இந்த ஊரில் பேசப் பொருத்தமான ஆள்தானே? அவருடைய அறிவியல், அவருடைய அரசியல், அவர் நடத்திய வழக்கு என்று மூன்று செய்தி சொல்லப் போகிறேன்.

நான் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தால் என் அப்பா ஒரு பழமொழி சொல்வார்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வயலுக்கு வாடா என்று அதற்கு அர்த்தம். வீவரின் கதையைப் படித்தபோதெல்லாம் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது.

அறிவியலை முதலில் பார்ப்போம். வீவர் 1961-இல் பிறந்தவர். கணிதம் படித்து 1987-இல் முனைவர் பட்டம் வாங்கினார். விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பூமியின் தட்பவெப்பத்தைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. அவருடைய குழு உருவாக்கிய மாதிரியில் கடலை மேலிருந்து அடி வரை 19 அடுக்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு அடுக்கையும் கட்டம் கட்டமாக வெட்டி, இந்தக் கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு சூடு போகிறது, எவ்வளவு உப்பு போகிறது என்று கணக்கிட்டார்கள். பாவும் ஊடும் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தட்பவெப்ப மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அமைப்பான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளை எழுதிய முதன்மை ஆசிரியர்களில் அவரும் ஒருவர். அந்த அமைப்புக்கு 2007-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர் ஏட்டில் எழுதியது அவர் மாகாணத்துக் காட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. அங்கே பைன் மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டு உண்டு. அரிசி மணி அளவுதான் இருக்கும். கடுங்குளிர் அடித்தால் பட்டைக்கு உள்ளேயே செத்துப்போகும். குளிர்காலம் மிதமாகிக்கொண்டே வந்ததால் வண்டு சாகவில்லை. 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காடு பாதிக்கப்பட்டது. மலை முழுக்கப் பச்சை போய்ச் சிவப்பாக நின்றது. 2008-இல் அந்த மாகாண அரசு கார்பன் வரி போட்டது. எரிபொருள் எரிந்து வரும் கரிப்புகைக்கு வரி, டன்னுக்கு 10 டாலர். கொண்டுவந்தவர் கார்டன் கேம்பெல் என்ற முதல்வர். அவர் என்ன கட்சி என்று பார்க்காமல் வீவர் அதை வெளிப்படையாக ஆதரித்தார்.

அடுத்து வந்த அரசு இயற்கை எரிவாயுவைக் குளிர்வித்து ஏற்றுமதி செய்வதில் இறங்கியது. அறிக்கை எழுதி மாளாது என்ற நிலையில், 2013-இல் வீவர் தேர்தலில் நின்று ஜெயித்தார். சுற்றுச்சூழலை முன்னே வைக்கும் பசுமைக் கட்சியிலிருந்து அந்தச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் உறுப்பினர் அவர்தான். தனி ஒரு ஆள். 2015 கடைசியில் கட்சிக்கே தலைவரானார்.

இப்போது ஒரு ராத்திரிக் கதை. 2017 மே 9, வாக்கு எண்ணும் இரவு. மொத்தம் 87 தொகுதி, 44 இருந்தால் ஆட்சி. ஆளும் லிபரல் கட்சி 43-இல் வந்து நிற்கிறது. எதிரே புதிய ஜனநாயகக் கட்சி 41. பசுமைக் கட்சி 3. எல்லாக் கண்ணும் கோர்ட்னி–கோமாக்ஸ் என்ற தொகுதி மேல். அங்கே ஜனநாயகக் கட்சி முன்னால் நிற்கிறது. எத்தனை ஓட்டில்? ஒன்பது! நம் தெருவில் ஒரு கூட்டுக் குடும்பம் ஓட்டுப் போட்டால் ஒன்பது ஓட்டு. அந்த ஒன்பது ஓட்டு இடம் மாறினால் லிபரலுக்கு 44, ஆட்சி அவர்களுக்கு. வெளியூரில் போட்ட ஓட்டு, தபால் ஓட்டு எல்லாம் இன்னும் எண்ண வேண்டியிருக்கிறது. இரண்டு வாரம் மாகாணமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மே 24 அன்று எண்ணி முடித்தபோது வித்தியாசம் 189. ஜனநாயகக் கட்சிக்கே அந்தத் தொகுதி. நம்மில் யாராவது 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்' என்று கேட்டால், இந்த இரவை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் என்ன? துலாக்கோலின் முள் அந்த மூன்று பேர் கையில். இரண்டு பெரிய கட்சியும் பேச வந்தன. பேச்சு நடந்த நாட்களிலேயே வீவரும் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜான் ஹோர்கனும் சேர்ந்து பெண்கள் ரக்பி ஆட்டம் பார்க்கப் போனார்கள். மே மாதம் முடிவதற்குள், ஹோர்கன் ஆட்சிக்குப் பசுமைக் கட்சி ஆதரவு என்று எழுத்தில் ஒப்பந்தம் வந்துவிட்டது. பசுமைக் கட்சி அமைச்சர் பதவி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் 29 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 44-க்கு 42 என்று பழைய அரசு விழுந்தது. சட்டமன்றத்தைக் கலைக்கச் சொன்னார் முதல்வர் கிறிஸ்டி கிளார்க். துணைநிலை ஆளுநர் மறுத்து ஹோர்கனை அழைத்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்களே, அன்றைக்கு அந்த மாகாணத்தின் அடுப்பே அந்தச் சுரைக்காயை நம்பித்தான் எரிந்தது.

2018 டிசம்பரில் 'கிளீன் பிசி' என்ற திட்டம் வந்தது. பூமியைச் சூடாக்கும் புகை 2007-இல் இருந்த அளவில் 40 விழுக்காட்டை 2030-க்குள் குறைப்பது இலக்கு. அதில் வீவரின் கை நிறையவே உண்டு. எரிவாயு ஏற்றுமதிக்குப் புதிய அரசும் வரிச் சலுகை கொடுத்தபோது எதிர்த்தார், ஆனால் ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. அவர் செய்தது சரி என்பது என் கருத்து. கவிழ்த்திருந்தால் கையில் இருந்த திட்டமும் போயிருக்கும். 2020 ஜனவரியில் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாக உட்கார்ந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்கவில்லை.

வழக்கு பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒரு பத்திரிகை மேல் அவதூறு வழக்குப் போட்டு 2015-இல் ஜெயித்தார், 2017-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அதோடு விடுகிறேன். ஏனென்றால் அவர் செய்தவற்றில் நான் உங்களிடம் சொல்லவே வந்தது வேறொன்று.

தேர்தலுக்கெல்லாம் பல ஆண்டு முன்பே, வீவரும் அவர் பல்கலைக்கழகத்து நண்பர்களும் பள்ளிக்கூடக் கூரைகளில் வானிலைக் கருவி பொருத்த ஆரம்பித்தார்கள். விக்டோரியா நகரத்தில் தொடங்கி, அந்த நகரம் இருக்கும் வான்கூவர் தீவு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. மழை, காற்று, வெப்பம் எல்லாம் பள்ளியிலிருந்தே பதிவாகும். பிள்ளைகள் தங்கள் பள்ளிக் கூரையின் மழையைத் தாங்களே பார்த்துக் கணக்குப் போடலாம். உலகக் கடலைக் கணக்கிட்டவர் பள்ளிக்கூடக் கூரையைத் தேடி வந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

நமக்கு இது ஏன் வேண்டும்? சில வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டிய மழையில் என் தம்பியின் நெல் சாய்ந்து முளைத்துவிட்டது. இழப்பீடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். 'உங்கள் பகுதியில் அன்று மழை 11 மில்லிமீட்டர்தான்' என்று தாளைக் காட்டினார்கள். அந்த 11 மில்லிமீட்டர் 17 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மழைமானியில் பெய்தது. எங்கள் வயலில் பெய்ததற்குச் சாட்சி முழங்கால் தண்ணீர் மட்டும்தான். 'ரெண்டு உழவு மழைங்க' என்றான் தம்பி. மழை மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை உழவில் சொல்வது எங்கள் ஊர்க் கணக்கு. அவர்கள் படிவத்தில் உழவுக்குக் கட்டம் இல்லை. அன்றைக்கு எங்களிடம் ஏடு இல்லாததால்தான் சுரைக்காயும் போனது, கறியும் போனது.

இதோ இந்த மேசையில் இருப்பது சாதாரண மழைமானி. மேலே புனல், உள்ளே குடுவை, பக்கத்தில் அளவுக் கண்ணாடி. மரமும் சுவரும் மறைக்காத திறந்த இடத்தில், விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி நட வேண்டும். தினமும் காலை எட்டரை மணிக்குக் குடுவைத் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும், குழியின் அடியைப் பார்த்து எழுத வேண்டும். மழையே இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும், அந்தப் பூஜ்யமும் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். நம் ஏரி ஏன் நிறையவில்லை, வரத்துக் கால்வாயில் எங்கே அடைப்பு என்று கேட்க அந்த எண் போதும்.

ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, உங்கள் எல்லைக்குள் ஐந்து பள்ளி இருக்கிறது. ஐந்துக்கும் ஒவ்வொரு மழைமானி, ஒவ்வொரு கோடு போட்ட நோட்டு. அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டுமென்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். மேசையில் இருப்பதை இந்தப் பள்ளிக்கு என் பங்காக விட்டுவிட்டுப் போகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் பெயர் கொடுத்தால், நாளைக் காலை எட்டே காலுக்கு வந்து, கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் திறந்த இடத்தில் நானே நட்டுக் கொடுக்கிறேன். நன்றி, வணக்கம்.