லென்ஸ் நகரணுமா, ஃபிலிம் நகரணுமா? பழைய மடிப்புக் கேமராக்களைச் செய்தவர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேஜை மேல் இருப்பவை எல்லாமே மடிப்புக் கேமராக்கள், எல்லாமே 120 ரோல் ஃபிலிம் போடுகிறவை. இடது பக்கத்திலிருந்து ஸைஸ் ஐகானின் சூப்பர் ஐகோன்டா, வோக்ட்லாண்டரின் பெஸ்ஸா டூ, ஆக்ஃபாவின் ஐசோலெட், ரஷ்யாவின் மாஸ்க்வா ஃபைவ், கடைசியில் மாமியா சிக்ஸ். சில என்னுடையவை, சில இந்த வீடியோவுக்காக நண்பர்கள் கொடுத்தவை.

"இதில் எந்தக் கம்பெனி நல்லது?" என்று கமெண்டில் நிறைய பேர் கேட்கிறீர்கள். வழக்கமாக இதற்கு லென்ஸ் பெயரைச் சொல்லித்தான் பதில் வரும். டெஸார் என்றால் நல்லது, ஹீலியார் என்றால் இன்னும் நல்லது. நான் அப்படிப் பார்ப்பதில்லை. மடிப்புக் கேமராவில் லென்ஸ் பாதி விஷயம்தான். அந்த லென்ஸ் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கிறதா, அதை எப்படி ஃபோகஸ் செய்கிறார்கள், இதுதான் மீதிப் பாதி. ஒரு கம்பெனியின் மூளை அங்கேதான் தெரியும். இன்றைக்கு அதை மட்டும் பேசலாம்.

கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். இந்தப் பட்டனை அழுத்தினால் கதவு கீழே விழுகிறது, லென்ஸ் பலகை தானாக முன்னே வந்து நிமிர்கிறது, இரண்டு பக்கமும் இந்த மெல்லிய எஃகுக் கைகள் விறைத்துப் பூட்டிக்கொள்கின்றன. பின்னால் பெல்லோஸ், அதாவது லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் வெளிச்சம் புகாத மடிப்புத் துணி, விரிகிறது. இதற்கு முந்தைய தலைமுறைக் கேமராக்களில் கதவைத் திறந்து, லென்ஸைக் கையால் தண்டவாளத்தில் இழுத்து நிறுத்த வேண்டும். 1929-ல் வந்த ஐகோன்டாவில் ஒரே பட்டன், வேலை முடிந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 75 மி.மீ. லென்ஸை வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுக்க வேண்டுமானால், லென்ஸ் சுமார் 6 மி.மீ. முன்னே வரவேண்டும். 6x9 செ.மீ. படம் எடுக்கும் கேமராக்களில் இருக்கும் 105 மி.மீ. லென்ஸ் என்றால் 12 மி.மீ. ஆகிவிடும். மடங்கி விரிகிற நாலு மெல்லிய கைகள் மேல் நிற்கிற ஒரு பலகையை, கோணாமல், ஆடாமல், அவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும். அதோடு ரேஞ்ச்ஃபைண்டரும், அதாவது இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கருவியும், வேண்டும் என்றால், அந்த அசைவு கேமரா உடலுக்குள் இருக்கும் கண்ணாடிக்கும் தெரிய வேண்டும். நடுவில் இருப்பதோ மடிகிற துணி. சிக்கல் புரிகிறதா?

பெரும்பாலானோர் எடுத்த குறுக்கு வழி, லென்ஸின் முன் கண்ணாடியை மட்டும் திருகுவது. பலகை நின்ற இடத்திலேயே நிற்கும், முதல் கண்ணாடி மட்டும் கொஞ்சம் வெளியே வரும். செலவு குறைவு, பலகையும் உறுதியாக இருக்கும். ஆனால் ஒரு லென்ஸ் என்பது கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. அந்தத் தூரத்தை மாற்றினால், படம் தெளிவாக வர லென்ஸில் செய்திருக்கும் திருத்தங்கள் கெடும். தொலைவில் உள்ள மலையை எடுத்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மீட்டருக்குள் ஒரு முகத்தை, துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தால் ஓரங்களில் மென்மை வந்துவிடும். துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸைஸ் ஐகானும் இந்த முன்கண்ணாடி வழியைத்தான் எடுத்தது. ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் விஷயத்தில் அவர்கள் செய்ததைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான். ஸைஸ் ஐகான் 1926-ல் டிரெஸ்டனில் உருவான கம்பெனி. இகா, எர்னெமான், கோயர்ஸ், கோன்டெஸா நெட்டல் என்று நாலு கம்பெனிகளை ஒன்றாக இணைத்தார்கள். தலைமையில் இருந்தவர்களில் ஒருவர் எமானுவேல் கோல்ட்பர்க், பெரிய விஞ்ஞானி, யூதர். 1933-ல் நாஜிகள் அவரைக் கடத்திப் போனார்கள். விடுபட்டபின் பாரிஸ் போய், பிறகு பாலஸ்தீனத்தில் குடியேறினார். அவர் போன அடுத்த வருடம், 1934-ல்தான் சூப்பர் ஐகோன்டா வந்தது. இந்தக் கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவரைச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

சரி, கேமராவுக்கு வருவோம். லென்ஸ் பக்கத்தில் இந்தச் சின்னக் கை நிமிர்ந்து நிற்கிறதே, அதன் நுனியில் வட்டமாக ஒரு கண்ணாடி தெரிகிறதா? அது ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே ஆப்பு வடிவக் கண்ணாடிகள். ஃபோகஸைத் திருகினால் பல்சக்கரம் வழியாக இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும். அப்போது உள்ளே போகும் ஒளி கொஞ்சமாக வளையும். உடலில் இருக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு பிம்பங்கள் நெருங்கி வந்து ஒன்றாகும். லென்ஸ் பலகைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு கம்பி கிடையாது, நெம்புகோல் கிடையாது. நடுவில் இருக்கிற இடைவெளியை ஒளியே தாண்டிப் போகிறது. தொண்ணூறு வருடம் பழைய கேமராவிலும் இது பிசகாமல் வேலை செய்யக் காரணம் இதுதான். தேய்வதற்கு நடுவில் ஒன்றும் இல்லையே.

போருக்குப் பிறகு மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை செய்த மாஸ்க்வா வரிசையின் பல மாடல்களிலும் இதே கை உண்டு. அடிப்படை சூப்பர் ஐகோன்டாவேதான். மாஸ்க்வா ஃபைவில் ஒரு தகட்டைப் போட்டால் 6x9 கேமரா 6x6 ஆகும். கனமான கேமரா, அழகு குறைவு, ஆனால் உழைக்கும்.

வோக்ட்லாண்டர் வேறு மாதிரி யோசித்தார்கள். 1756-ல் வியன்னாவில் தொடங்கி, பிறகு ப்ரவுன்ஷ்வைக் நகருக்கு மாறிய கம்பெனி. கேமரா என்று ஒன்று இருப்பதற்கு முன்பே கருவி செய்தவர்கள், கண்ணாடித் திருத்தத்தில் சமரசம் செய்யவே மாட்டார்கள். 1950-ல் வந்த இந்த பெஸ்ஸா டூவில், மேலே இருக்கும் குமிழைத் திருப்புகிறேன், லென்ஸைப் பாருங்கள். மொத்தப் பலகையும் அப்படியே முன்னே வருகிறது. லென்ஸுக்குள் எதுவும் மாறவில்லை. அதனால்தான் கலர் ஹீலியார், அப்போ லாந்தார் மாதிரி லென்ஸ்களை இதில் போட முடிந்தது. அப்போ லாந்தார் போட்ட பெஸ்ஸாவை இன்றைக்குச் சேகரிப்பவர்கள்தான் வாங்க முடியும், விலை அப்படி. இந்த வழியில் ஒரு கஷ்டம் உண்டு. நகரும் பாகங்கள் அதிகம். யாராவது ஒருமுறை கதவை அழுத்தி மூடியிருந்தால் பலகை கோணிவிடும், படத்தில் ஒரு பக்கம் மட்டும் தெளிவு குறையும். வாங்கும்போது லென்ஸ் பலகை உடலுக்கு இணையாக நிற்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

ஆக்ஃபாவைக் கொஞ்சம் விரைவாகச் சொல்கிறேன். ம்யூனிக்கில் செய்தார்கள். ஐசோலெட் சாதாரண மக்களுக்கான கேமரா, முன்கண்ணாடி ஃபோகஸ். 1954-ல் வந்த சூப்பர் ஐசோலெட் மட்டும் தனி ஜாதி. லென்ஸ் முழுக்க நகரும், ரேஞ்ச்ஃபைண்டரும் இணைந்திருக்கும், ஃபிலிமும் தானாகச் சரியான இடத்தில் நிற்கும். ரஷ்யர்களின் இஸ்க்ரா அதைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் ஆக்ஃபாவின் பெல்லோஸ் மோசம். விளக்கை அணைத்துவிட்டுக் காட்டுகிறேன். இந்தக் குட்டி எல்.இ.டி.யை உள்ளே வைக்கிறேன்... மடிப்பு மூலைகளைப் பாருங்கள், ஊசி முனை அளவு வெளிச்சம், ஒன்று, இரண்டு, இங்கே வரிசையாக. ஒவ்வொன்றும் படத்தில் ஒரு வெள்ளைப் பூச்சாக விழும். ஸைஸின் பெல்லோஸை இதே மாதிரி பார்த்தால், வயது அதிகமாக இருந்தும் இருட்டாகவே இருக்கிறது. இன்னொன்று, ஆக்ஃபா போட்ட கிரீஸ் காலப்போக்கில் பச்சைப் பசையாக இறுகி ஃபோகஸ் வளையத்தைப் பூட்டிவிடும். இறுக்கமாக இருந்தால் பலம் போட்டுத் திருகாதீர்கள், பிரித்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் த்ரீ ஞாபகம் இருக்கிறதா? அது மடிப்புக் கேமரா இல்லை, ஆனால் இதே 120 ஃபிலிமில் இதே சதுரப் படம் எடுத்தது. அப்பா, தாத்தா ஆல்பங்களில் இருக்கும் சதுர நெகட்டிவ்களை எடுத்து அளந்து பாருங்கள். 56 மி.மீ. சதுரம் என்றால் அந்தக் கேமராக்கள் போட்ட ஃபிலிமும் இந்த மேஜையில் இருப்பவை போடும் ஃபிலிமும் ஒன்றுதான். 35 மி.மீ. ஃபிலிமைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு.

இப்போது மாமியா சிக்ஸ். நான் இந்த வீடியோ போடுவதே இதற்காகத்தான்.

1940. ஜப்பான் சீனாவில் போரில் இருக்கிறது. மாமியா செய்யிச்சி என்ற வடிவமைப்பாளர், சுகவாரா ட்சுனெஜிரோ என்பவரின் பண உதவியோடு டோக்கியோவில் ஒரு கம்பெனி தொடங்குகிறார், இந்த ஒரு கேமராவைச் செய்வதற்காக. எல்லோரும் லென்ஸை எப்படி நகர்த்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் லென்ஸைத் தொடவே இல்லை. ஃபிலிமை நகர்த்தினார்.

பின்கதவைத் திறக்கிறேன். மேலே, கட்டை விரல் படுகிற இடத்தில் இந்தச் சக்கரம். உருட்டுகிறேன், ஃபிலிம் உட்காரும் இந்தச் சட்டத்தைப் பாருங்கள். பின்னே வருகிறது... இப்போது முன்னே போகிறது. மொத்தமே அந்த 6 மி.மீ. அசைவுதான். இதனால் என்ன கிடைத்தது என்று யோசியுங்கள். லென்ஸ் பலகை நிற்கிற இடத்தில் நின்றால் போதும், நகர வேண்டியதில்லை. லென்ஸுக்குள் எந்த இடைவெளியும் மாறாது, அதனால் கிட்டத்திலும் தெளிவு குறையாது. ஃபோகஸ் சக்கரம், ஃபிலிம் சட்டம், ரேஞ்ச்ஃபைண்டர் மூன்றுமே உடலுக்குள். மடிகிற பகுதியைத் தாண்டி எந்த இணைப்பும் போக வேண்டியதில்லை. ஸைஸ் அந்த இடைவெளியை ஒளியால் தாண்டியது, மாமியா தாண்ட வேண்டிய தேவையையே இல்லாமல் செய்துவிட்டார். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கட்டை விரலாலேயே ஃபோகஸ் செய்யலாம் என்பது கூடுதல் லாபம். ஜப்பானியர்கள் அந்தக் காலத்தில் ஜெர்மானியரைக் காப்பியடித்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. என் தீர்ப்பு கேட்டால், மடிப்புக் கேமராவின் ஃபோகஸ் சிக்கலுக்கு வந்த விடைகளிலேயே சிறந்தது இதுதான். 1950-களின் கடைசி வரை இந்த வரிசையைச் செய்தார்கள். பல மாடல்களில் இருப்பது ஒலிம்பஸ் கம்பெனியின் ஸூய்கோ லென்ஸ்.

2009 வாக்கில் ஜப்பானின் கோசினா கம்பெனி செய்து, ஃபுஜி ஜி.எஃப். 670 என்றும் பெஸ்ஸா த்ரீ என்றும் இரண்டு பெயரில் வந்த கேமராவோடு இந்த வம்சம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதுவும் இப்போது தயாரிப்பில் இல்லை. அதனால் வாங்கினால் பழசுதான். மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். எந்த மடிப்புக் கேமராவானாலும் மெதுவாகத் திறங்கள். வேகமாகத் திறந்தால் பெல்லோஸ் காற்றை இழுக்கும், கூடவே ஃபிலிமும் முன்னே வளையும். திறந்த பிறகு ஃபிலிமைச் சுற்றுங்கள், முன்பே சுற்றி வைக்காதீர்கள். அப்புறம், பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னல் சிவப்பு ஒளியை உணராத பழைய ஃபிலிம்களுக்காக வைத்தது. இன்றைய ஃபிலிம்களில் பெரும்பாலானவை எல்லா நிறத்தையும் உணரும். எத்தனையாவது படம் என்ற எண்ணை அதில் பார்த்தவுடன் மூடிவிடுங்கள், மூடி இல்லாவிட்டால் கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

மாமியா சிக்ஸ் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் இந்தப் பிரஷர் பிளேட், பார்த்தீர்களா, இப்படிக் கையோடு தனியாகக் கழன்று வரும். எத்தனையோ கேமராக்களில் இது தொலைந்து போயிருக்கிறது, விற்பவருக்கே தெரியாது. அது இல்லையென்றால் கேமரா பயன்படாது. பின்கதவைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், பிளேட்டைப் பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.