கைக்காசு போடாமல் அஃபிலியேட் லிங்க்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்குத் தரகர் யாரென்று விளக்க வேண்டியதில்லை. மாடும் அவருடையது இல்லை, பணமும் அவருடையது இல்லை. ஆனால் அவர் சொல்லை நம்பித்தான் மாடு கைமாறுகிறது. அஃபிலியேட் லிங்க் என்பதும் அதே தரகு வேலைதான். இணையக் கடை தன் பொருள் ஒவ்வொன்றுக்கும் உங்கள் அடையாளம் பதிந்த இணைப்பைத் தருகிறது. இந்திய அமேசானில் அந்த அடையாளத்தின் கடைசியில் 21 என்ற எண் இருக்கும். அந்த லிங்கைத் தொட்டு ஒருவர் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும். வாங்குகிறவருக்கு விலை ஒரு ரூபாய்கூட ஏறாது.

முறையான திட்டங்களில் சேரக் கட்டணம் கிடையாது. "ஐயாயிரம் கட்டுங்க, ஐடி தாரோம்" என்றோ, டெலிகிராமில் "லைக் போட்டா காசு, முதல்ல டெபாசிட் கட்டுங்க" என்றோ யாராவது வந்தால், அது அஃபிலியேட் வேலையே இல்லை, மோசடி. பணம் கட்டி ஏமாந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமல் இந்த லிங்கை எப்படிப் பரப்புவது? பெரும்பாலானவர்கள் முதல் நாளே குடும்பக் குழு, கோயில் கொடைக் குழு, பள்ளித் தோழர் குழு என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இருபது லிங்கைக் கொட்டிவிடுகிறார்கள். யாரும் தொடுவதில்லை. பலர் ரிப்போர்ட் அடித்தால் எண்ணே முடங்கிப்போகலாம். கேட்காதவர் கையில் திணித்த லிங்க் விலைபோகாது. கேள்வி எங்கே எழுகிறதோ அங்கே பதிலை வைத்து, பதிலின் காலடியில் லிங்கை வைக்க வேண்டும். காசில்லாமல் செய்ய எனக்குத் தெரிந்து இந்த ஒரு வழிதான் உருப்படியானது.

நம் பக்கத்துக் கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆற்றுப் பாசனக்காரர்கள் தாமிரபரணித் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போனால் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. "அண்ணாச்சி, எங்க ஊரு தண்ணி உப்பால்லா இருக்கு, ஆர்ஓ போடணுமா?" என்ற கேள்வி எந்தக் கல்யாண வீட்டிலும் காதில் விழும். ஆயிரம் பேர் ஆர்ஓ மிஷினுக்கு வீடியோ போட்டிருக்கிறார்கள். நம் ஊர்த் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் காட்டியவர்கள் எத்தனை பேர்?

செய்முறை இதுதான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா போல இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று, மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாயில் வரும் குடிநீர், ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயரும் தேதியும் எழுதிய சீட்டை ஒட்டுங்கள். மீட்டரின் மூடியைக் கழற்றி, அதில் போட்டிருக்கும் கோடு வரை மட்டும் முக்கி, மெல்ல ஆட்டிவிட்டு, எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை பொறுங்கள். அந்த எண்ணைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த டம்ளருக்குப் போகுமுன் முனையைக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் முந்தைய தண்ணீரின் உப்பு அடுத்த எண்ணைக் கெடுத்துவிடும். குடிநீரில் கரைந்த உப்புக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், மீட்டரில் 500. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. இந்த மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். எண் 500க்குக் கீழே இருந்தால், "உப்புக்காக உங்களுக்கு ஆர்ஓ வேண்டாம், அது தண்ணீரைத்தான் வீணாக்கும்" என்று துணிந்து சொல்லிவிடுங்கள். ஆர்ஓ விற்றால் கமிஷன் பெரிது, மீட்டருக்குக் கிடைப்பது சில்லறை. ஆனாலும் சொல்லுங்கள். விளம்பரத்துக்குக் காசில்லாதவருக்கு, "இது வேண்டாம்" என்ற சொல்தான் முதலீடு. ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னவர் அடுத்த தடவை வேண்டும் என்றால் ஆள் நம்பி வாங்கும்.

இதை யூடியூபில் போடும் வீடியோ நாலு முதல் ஆறு நிமிடம் போதும். ஜன்னல் வெளிச்சத்தில், போனைக் கிடைமட்டமாக வைத்து எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், சத்தம் தெளிவில்லாத வீடியோவை யாரும் கேட்கமாட்டார்கள். முதல் 15 நொடியில் கேள்வியும் பதிலும் வந்துவிட வேண்டும். தலைப்பை மக்கள் தேடுகிற மாதிரியே வையுங்கள். யூடியூப் தேடல் பெட்டியில் "போர் தண்ணி" என்று அடித்துப் பாருங்கள், கீழே வரும் வரிகள்தான் ஊர் கேட்கிற கேள்விகள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்களும் ஏராளம், அவர்களுக்காக விவரக் குறிப்பில் அப்படியும் ஒரு வரி சேருங்கள்.

லிங்க் விவரக் குறிப்பின் முதல் இரண்டு வரிக்குள்ளேயே இருக்க வேண்டும். சுருங்கி நிற்கும் குறிப்பில் மேலே உள்ளதுதான் கண்ணில் படும், பத்தாவது வரிக்கு யாரும் இறங்குவதில்லை. அதையே ஒரு கமென்ட்டாகவும் போட்டு, அது எப்போதும் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். யூடியூபின் குட்டி வீடியோவான ஷார்ட்ஸில் இது நடக்காது. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் குறிப்பிலும் கமென்ட்டிலும் போடும் லிங்கைத் தொட்டாலும் திறக்காது. ஷார்ட்ஸை எடுத்து, அதிலிருந்து உங்கள் நீள வீடியோவுக்கு வழி காட்டுங்கள். இன்ஸ்டாகிராமிலும் படத்துக்குக் கீழே எழுதும் லிங்க் வெறும் எழுத்துதான். பயோவில் வையுங்கள், அல்லது ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. இன்ஸ்டாகிராமுக்குள் தொட்ட லிங்க் அதன் உள்ளேயே ஒரு சின்ன பிரவுசரில் திறக்கும். அங்கே வாங்குகிறவர் லாகின் ஆகியிருக்கமாட்டார். எரிச்சலில் மூடிவிட்டுக் கடையின் செயலியை நேராகத் திறந்து வாங்குவார். பொருள் விற்றிருக்கும், உங்கள் கணக்கில் வராது. "மேலே மூன்று புள்ளியைத் தொட்டு வெளியே உள்ள பிரவுசரில் திறங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பை ஒதுக்கச் சொல்லவில்லை. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். இவற்றில் பொருளின் லிங்கை விட உங்கள் வீடியோவின் லிங்கைப் போடுவது நல்லது. அமேசான் தன் லிங்கை மின்னஞ்சலில் அனுப்ப விடுவதில்லை, எந்தெந்தப் பக்கத்தில் போடுகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே பதியச் சொல்கிறது. உங்கள் யூடியூப் பக்கத்தைப் பதிந்துவிட்டு வீடியோ வழியாகப் போனால் அந்தச் சிக்கல் வராது.

விதிகளில் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் இன்னும் சில. அமேசானில் அஃபிலியேட் கணக்குத் தொடங்கி 180 நாளுக்குள் மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் முதலில் பத்து வீடியோ போடுங்கள், பிறகு கணக்குத் தொடங்குங்கள். சொந்த லிங்கில் தானே வாங்குவது கணக்கில் சேராது, அப்படிச் செய்தால் கணக்கே போகலாம். லிங்கைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும், இல்லை கார்ட்டிலாவது போட வேண்டும். அதனால் வாங்கும் நாள் நெருங்கி வருகிறவருக்கான கேள்விகளாக எடுங்கள். பேட்டரி ஸ்பிரேயர் வீடியோவை அம்பாசமுத்திரம் வயல்காரர்கள் பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவுவதற்கு மூன்று வாரம் முன்னால் போட வேண்டும், அறுப்பு முடிந்தபின் போட்டுப் பலனில்லை. விலையை வாயால் சொல்லாதீர்கள், நாளைக்கே மாறும். பொருள் திரும்பி வந்தால் கமிஷனும் திரும்பிப் போகும்.

கமிஷன் வாங்குவதை மறைக்கக் கூடாது. விளம்பரத் தரக் கவுன்சிலின் வழிகாட்டுதல் 2021 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் தன் விதிகளைத் தெளிவாக எழுதி வெளியிட்டது. தவறான பரிந்துரைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "இந்த லிங்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று வீடியோவின் தொடக்கத்தில் வாயாலும் சொல்லுங்கள், குறிப்பில் லிங்குக்கு மேலேயும் எழுதுங்கள். நம் ஊர் ஆட்கள் இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார்கள். தரகு வாங்காத தரகரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

பெரிய கடைதான் வேண்டும் என்றில்லை. பத்தமடைப் பாய் நெய்கிறவர், கல்லிடைக்குறிச்சி அப்பளம் போடுகிறவர் என்று கூரியரில் அனுப்பும் சின்ன வியாபாரிகளிடம் உங்கள் பெயரில் ஒரு கூப்பன் கோடு கேட்கலாம், அதைச் சொல்லி வாங்குகிறவர் உங்கள் மூலம் வந்தவர் என்று வியாபாரிக்குத் தெரியும். எத்தனை சதவீதம், மாதத்தில் எந்தத் தேதியில் பணம், திரும்பி வந்த பொருளுக்கு என்ன கணக்கு, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் உறவும் கெடும்.

கணக்கு வைக்கும் விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஒரே அடையாளத்தை எல்லா இடத்திலும் போடாதீர்கள். யூடியூபுக்கு ஒன்று, இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று என்று தனித்தனி டிராக்கிங் ஐடி எடுங்கள், அதற்கும் காசில்லை. ஒரு பேச்சுக்கு, நூறு பேர் தொட்டு மூன்று பேர் 900 ரூபாய்ப் பொருளை வாங்கி, கமிஷன் 5 சதவீதம் என்றால் உங்களுக்கு 135 ரூபாய். ஆரம்பத்தில் வரும் தொகை இவ்வளவுதான். சேரும்போதே பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வரிப்பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். மாதம் ஒரு முறை உட்கார்ந்து பழைய வீடியோக்களின் லிங்க் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ஸ்டாக் தீர்ந்துபோன பொருள், பெயர் மாறிய மாடல் எதுவானாலும் அன்றைக்கே லிங்கை மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் குறிப்பில் எழுதுங்கள்.

வணக்கம்.