இளையோர் ஆட்டத்துக்குக் கூட்டம் எங்கிருந்து வருகிறது?

புதுச்சேரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

கடலூரில் நீண்ட காலமாக உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். பன்னாட்டு அளவில் நடைபெறும் இளையோர் கால்பந்துப் போட்டிகளைப் பார்க்க மக்கள் எங்கே திரண்டு வருகிறார்கள், எங்கே வராமல் போகிறார்கள், அதற்குக் காரணம் என்ன என்பது வெகுநாளாக என் மனத்தில் இருந்துவரும் கேள்வி. அதைப் பற்றிப் பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு என் நன்றி.

2017-ஆம் ஆண்டு அக்டோபர் 6 முதல் 28 வரை, பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நம் நாட்டில் நடைபெற்றது. தில்லி, கொல்கத்தா, கொச்சி, குவாஹாட்டி, நவி மும்பை, கோவா ஆகிய ஆறு இடங்களில் 24 நாடுகளின் அணிகள் ஆடின. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா இந்தியாவில் நடத்திய முதல் உலகக் கோப்பை அதுதான். போட்டி முடிந்தபோது 52 ஆட்டங்களையும் சேர்த்துப் பார்வையாளர் எண்ணிக்கை 13,47,133 என்று அறிவிக்கப்பட்டது. 1985-இல் சீனாவில் நடந்த முதல் போட்டியில் பதிவான 12,30,976 என்ற எண்ணிக்கையை, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா தாண்டியது. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காத நாடு என்று நம்மைப் பற்றிச் சொல்லப்பட்டு வந்த பேச்சுக்கு அது நல்ல பதிலாக அமைந்தது.

ஆயினும் இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சீனாவில் பதினாறு அணிகளே ஆடின. நடந்த ஆட்டங்கள் 32. அப்படியென்றால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 38,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். நம் நாட்டிலோ சராசரி 25,906. மேலும், 2017-இன் தொடக்கச் சுற்றில் ஓர் அரங்கில் மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆட்டமும் இரவு எட்டு மணிக்கு இன்னோர் ஆட்டமும் நடந்தன. ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம் என்பதால், இரண்டுக்கும் இருந்து பார்த்த ஒருவர் கணக்கில் இருமுறை வருவார். தில்லியில் பள்ளி மாணவர்களுக்கு இலவச டிக்கெட்டுகள் ஏராளமாக வழங்கப்பட்டதையும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும். கொச்சியில் நிலைமை நேர்மாறானது. இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐ.எஸ்.எல். கழக ஆட்டங்களுக்கு அறுபதாயிரம் பேர்வரை நிறைந்த அந்த அரங்கில், பாதுகாப்பு விதிகளை முன்னிட்டு இருக்கைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. விருப்பம் எவ்வளவு இருந்தாலும் வாயிலுக்குள் விடக்கூடியவர்கள் அவ்வளவுதான். எனவே, எண்ணிக்கை மட்டும் ஆர்வத்தின் அளவாகிவிடாது. இதைச் சொல்வதால் 2017-இன் பெருமை சிறிதும் குறைந்துவிடவில்லை. அந்தப் பெருமைக்கு உரியவர் யார் என்பதைச் சரியாகக் கண்டுகொள்ள இது உதவுகிறது.

அதற்குரிய ஊர் கொல்கத்தா என்பது என் உறுதியான கருத்து. இந்திய அணி ஆடிய மூன்று ஆட்டங்களும் தில்லியில்தான் நடந்தன. கொல்கத்தா மக்களுக்குக் கிடைத்ததோ இங்கிலாந்து, சிலி, மெக்சிகோ, ஈராக் ஆகிய அணிகள். நம் நாட்டு அணியும் இல்லை, பெயர் தெரிந்த ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. இருந்தும் சால்ட் லேக் அரங்கம் நிறைந்தது. இங்கிலாந்து தன் ஏழு ஆட்டங்களில் ஆறினை அங்கேயே ஆடியது. அந்த ஊர் அந்தப் பிள்ளைகளைத் தன் வீட்டுப் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டது.

அரையிறுதியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிரேசிலும் இங்கிலாந்தும் மோதவிருந்த ஆட்டம் குவாஹாட்டியில் நடப்பதாக இருந்தது. பெருமழையில் அங்குள்ள புல்தரை சிதைந்துபோனதால், ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது அதைக் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அது வார நாள், புதன்கிழமை மாலை. புதிதாக டிக்கெட் விற்று, ஊருக்கெல்லாம் செய்தி சொல்லி, போக்குவரத்தை ஒழுங்குசெய்து, காவலர்களை நிறுத்தி முடிப்பதற்கு இருந்த அவகாசம் நாற்பத்தெட்டு மணி நேரம்தான். அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 63,881 பேர். ரியான் புரூஸ்டர் மூன்று கோல் அடிக்க, இங்கிலாந்து 3-1 என்று வென்றது. மூன்று நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் 31-ஆவது நிமிடத்திலேயே இரண்டு கோல் முந்திவிட்டது. அதன் பிறகு இங்கிலாந்து ஐந்து கோல் அடித்துக் கோப்பையை வென்றது. அதை நேரில் பார்த்தவர்கள் 66,684 பேர். அன்று இரண்டு கோல் அடித்த ஃபில் ஃபோடன் பிற்காலத்தில் மான்செஸ்டர் சிட்டியின் முன்னணி ஆட்டக்காரரானபோது, "இவனை நான் பதினேழு வயதிலேயே பார்த்துவிட்டேன்" என்று சொல்லும் உரிமை அந்த அறுபத்தாறாயிரம் பேருக்கும் உண்டு. இளையோர் ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் செல்வம் அது.

இரண்டு நாள் அவகாசத்தில் அறுபத்து மூவாயிரம் பேரை எந்த விளம்பரத்தாலும் வரவழைக்க முடியாது. அவர்கள் முன்பே பார்வையாளர்களாக இருந்தவர்கள். ஆட்டம் அவர்களைத் தேடி வந்தது, அவ்வளவே. 1911-இல் மோகன் பகான் கழகம் ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய நாளிலிருந்து, கால்பந்து மைதானத்துக்குப் போய் நிற்பது அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பழக்கம். 2017 போட்டிக்கான டிக்கெட் விற்பனையை மாலை 7 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்கினார்கள். 24 மணி நேரக் கடிகாரக் கணக்கில் அது 19:11 என்று வருவது அந்த வெற்றிக்குச் செலுத்திய மரியாதை.

வேறு நாடுகளிலும் இதைக் காணலாம். 2011-இல் மெக்சிகோவில் இதே போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு அஸ்டெகா அரங்கில் 98,943 பேர் கூடினார்கள். அங்கே ஆடியது அவர்களுடைய சொந்த அணி, கோப்பையையும் அதுவே வென்றது. ஆனால் சொந்த அணி ஆடினால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 2019-இல் பிரேசில் தன் மண்ணிலேயே கோப்பையை வென்ற இறுதி ஆட்டம் காமா என்ற சிறு நகரில் நடந்தது. கொல்கத்தாவுக்கு வந்த கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அந்த அரங்கில் முழுமையாக உட்காரவைக்க முடியாது. பெருவிடமிருந்து போட்டியை மாற்றி அந்த ஆண்டுதான் பிரேசிலிடம் கொடுத்தார்கள். ஏற்பாட்டுக்குக் காலம் குறுகும்போது, எத்தனை பெரிய கால்பந்து நாடானாலும் இளையோர் போட்டி ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது.

இந்திய அணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தில்லியில் கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தின் 82-ஆவது நிமிடத்தில், சஞ்சீவ் ஸ்டாலின் எடுத்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. அரங்கம் எழுந்து நின்றது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள், அடுத்த நிமிடமே கொலம்பியா மீண்டும் ஒரு கோல் அடித்து வென்றுவிட்டது. இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆனாலும் கானாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2018-இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோது புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டாடினார்கள். ஆட்சிப் பகுதியின் ஓர் அங்கமான மாஹே, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட்டங்களுக்கு ஊரே திரளும் வடகேரளத்தின் நடுவே இருக்கிறது. இப்படிக் கால்பந்தோடு உறவுள்ள நாம், 2023-இல் இந்தோனேசியாவில் பிரான்ஸின் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி இறுதி ஆட்டம்வரை வந்து ஜெர்மனியிடம் பெனால்டி முறையில் தோற்றதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. பெரியவர்களின் உலகக் கோப்பைக்குத் தெருவில் திரை கட்டுகிறோம். அந்தப் பெரியவர்கள் உருவாகும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

2022-இல் பெண்களுக்கான பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையும் இந்தியாவில் நடந்தது. பெருந்தொற்றால் தள்ளிப்போய், நடத்துவதற்கு இரண்டே மாதம் இருந்தபோது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்யப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டு, மூன்று இடங்களில் மட்டும் அது நடைபெற்றது. ஸ்பெயின் வென்ற அந்தப் போட்டியைப் பற்றி என் மாணவிகளிடம் கேட்டேன். நம் நாட்டில் நடந்தது என்பதே பலருக்குத் தெரியவில்லை. கடலூர்ப் பெண்களுக்கே அது தெரியவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. ஏனென்றால், இந்தியாவின் மூத்தோர் மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். கடலூரில் உள்ள இந்திரா காந்தி அகாடமியின் அணி தேசிய அளவிலான மகளிர் லீக்கில் ஆடியிருக்கிறது. 2018-இல் தமிழ்நாடு மகளிர் அணி மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. உலகத் தரத்தைத் தொட்ட ஆட்டம் நம் மாவட்டத்தில், பேருந்தில் போய்வரும் தொலைவில் நடக்கிறது.

அந்த ஆட்டங்களுக்கு வருகிறவர்கள் யார் என்று நான் கவனித்திருக்கிறேன். வெயில் தாழாத மாலையில், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்ப மர நிழலில் நான்கைந்து தாய்மார்கள் நிற்பார்கள். மிதிவண்டியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சில பையன்கள். வலையைத் தோளில் போட்டபடி ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். எல்லைக் கோட்டருகே பந்தை எறிய வரும் பெண், தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் பிடிப்பதற்கு முன் ஒரு கணம் அந்த மர நிழல் பக்கம் பார்ப்பாள். யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அடுத்த பத்து நிமிடம் அவள் ஓடும் ஓட்டமே வேறாக இருக்கும். பயிற்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கொடுப்பதைக் கூட்டம் ஒரு கணத்தில் கொடுத்துவிடுகிறது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது பெரிய அரங்கங்களை அல்ல. புதுச்சேரி உப்பளத்திலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் நடக்கும் இளையோர் ஆட்டங்களின் நாளும் நேரமும் ஒரு வாரம் முன்னதாகப் பள்ளி அறிவிப்புப் பலகைகளிலும் உள்ளூர் நாளிதழ்களிலும் இடம்பெற வேண்டும். ஆட்டத்தை நான்கரை மணிக்கு முன் தொடங்கக் கூடாது. அதற்கு முன் வெயிலில் பெரியவர்களால் நிற்க முடியாது. பெண்கள் வரவேண்டுமென்றால் கழிப்பறையின் பூட்டு திறந்திருக்க வேண்டும், குடிநீர் இருக்க வேண்டும். ஆடுகிறவர்களின் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் சொன்னால், பண்ருட்டியிலிருந்தோ பாகூரிலிருந்தோ வந்த பெண்ணுக்காகக் கைதட்ட அந்த ஊர்க்காரர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். அடுத்த வாரம் அவர் இன்னொருவரை அழைத்து வருவார். நன்றி, வணக்கம்.