வீட்டிலிருந்தே கான்கார்ட் விமானத்துக்கு நிரல் எழுதிய பெண்கள்: 6 பவுண்டில் தொடங்கிய நிறுவனத்தின் கதை

வணக்கம் நண்பர்களே. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானத்தின் கருப்புப் பெட்டிக்குக் கணினி நிரல் எழுதியவர்கள் எந்த அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் வெவ்வேறு ஊர்களில், தத்தம் வீடுகளில், குழந்தை தூங்கும் நேரம் பார்த்துப் பென்சிலும் தாளுமாக அமர்ந்து அதை எழுதி முடித்தவர்கள் ஏறத்தாழ 30 பெண்கள். திருமணம் ஆனதாலோ பிள்ளை பிறந்ததாலோ வேலையை விட நேர்ந்த பெண்களைத் தேடிப் பிடித்து மீண்டும் வேலைக்குக் கொண்டுவந்த அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரும் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்தான்; அவர் போட்ட முதல் வெறும் 6 பவுண்டு. அந்த 6 பவுண்டுக்கும் மும்பையில் அப்பளம் இட்ட ஏழு பெண்களுக்கும் இடையே ஓர் ஒற்றுமை இருக்கிறது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே நம்பாமல் இரண்டாவது முறை பெருக்கிப் பார்த்தேன். அந்த இடம் வரும்வரை வீடியோவை ஓட்டிவிடாமல் பாருங்கள்.

[திரையில்: சமையலறை மேசை, அதன்மேல் பென்சில், கட்டம் போட்ட தாள்கள், பால் புட்டி]

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெஃபனி ஷெர்லி 1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் யூதத் தந்தைக்குப் பிறந்து, 1939இல் குழந்தைகளை நாஜிகளிடமிருந்து காப்பாற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய ரயில்களில் ஒன்றில், ஐந்து வயதில், பெற்றோர் இல்லாமல் அக்காவுடன் வந்து சேர்ந்தவர். அவர் படித்த பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பிக்கப்படாததால், அந்தப் பாடத்துக்கு மட்டும் ஆண்கள் பள்ளிக்குப் போய்வந்தார். லண்டனில் அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புகளில் கணிதப் பட்டம் பெற்றார். அங்கும், அடுத்துச் சேர்ந்த கணினி நிறுவனத்திலும், ஒரு பெண் எவ்வளவு திறமை காட்டினாலும் ஒரு படிக்கு மேல் ஏற முடியாது என்பது தெளிவானதும், 1962இல் வேலையை உதறிவிட்டு ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தம் வீட்டிலேயே தொடங்கினார்.

அவருடைய திட்டத்தைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். அன்று கணினி வாங்கினால் மென்பொருள் அதனுடன் இலவசமாக வந்துகொண்டிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா, அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து வாங்குவார்களா என்பதே அவர்களின் கேள்வி. அந்தக் காலத்தில் தாம் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கவே கணவரின் அனுமதி தேவைப்பட்டது என்று ஷெர்லி பின்னாளில் கூறியிருக்கிறார். வேலை கேட்டு அவர் நிறுவனங்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. அப்போது அவருடைய கணவர், கையெழுத்தில் ஸ்டெஃபனி என்று போடாமல் ஸ்டீவ் என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். பதில்கள் வரத் தொடங்கின. ஸ்டீவைச் சந்திக்கக் காத்திருந்த அதிகாரிகள், வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றதும் எப்படி விழித்திருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இனித்தான் நமக்கு வேண்டிய பகுதி வருகிறது. தாம் ஒருவராக வேலை செய்து பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தால் ஷெர்லி அதோடு நின்றிருக்கலாம். தம்மைப் போலவே பயிற்சியும் அனுபவமும் பெற்று, குடும்பத்தின் பொருட்டு வீட்டிலிருந்த நிரலாளர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களுக்காகவே அவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பெண் விடுதலையை எதிர்ப்பவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று அந்த விளம்பரத்திலேயே அச்சிட்டுவிட்டார். விண்ணப்பித்தவர்களிடம் கேட்கப்பட்ட முக்கியமான கேள்விகளில் ஒன்று, உங்கள் வீட்டில் தொலைபேசி வசதி உண்டா என்பது. முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள்.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இன்று மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து பணிபுரிவதாக அலுத்துக்கொள்ளும் நம்மில் யாருக்கும் இந்தப் பொறுமை கிடையாது. அந்தப் பெண்கள் எவர் வீட்டிலும் கணினி இல்லை. செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாகப் பிரித்து வரைபடமாக வரைவார்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் பென்சிலால் தாளில் எழுதி, தபாலில் அனுப்புவார்கள். தரவு மையத்தில் அது அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிடப்படும்; பிழையைக் கண்டுபிடிக்க அதே வேலையை மறுபடியும் முதலிலிருந்து துளையிட்டு இரண்டையும் ஒப்பிடுவார்கள். இவ்வளவும் முடிந்த பின்னரே அது ஒரு கணினியின் அருகில் போகும். சரக்கு ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் நேர அட்டவணை வகுப்பதும் கிடங்கு இருப்பைக் கணக்கிடுவதும் இப்படித்தான் வீட்டுக்கூடங்களில் நடந்தன. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே கான்கார்ட் வேலையைக் கவனித்த ஆன் மோஃபட் பின்னாளில் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைமைக்கு உயர்ந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது பின்னணியில் குழந்தையின் அழுகை கேட்டுவிட்டால் என்ன செய்வது? ஷெர்லி, தட்டச்சுப்பொறிகள் படபடவென்று இயங்கும் ஓசையை டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார். அழைப்பு வந்ததும் அதை ஓடவிடுவார். மறுமுனையில் இருப்பவருக்கு ஒரு பெரிய அலுவலகமே கண்முன் தோன்றும். இன்று காணொளிக் கூட்டங்களில் நாம் பின்னணிக்கு வைத்துக்கொள்ளும் போலிப் புத்தக அலமாரிக்கு இதுதான் கொள்ளுப்பாட்டி.

தந்திரம் ஒலிநாடாவோடு முடியவில்லை. மணிக்கணக்கில் கூலி கேட்டால், யார் எப்போது வேலை செய்கிறார்கள் என்று வாடிக்கையாளர் கேட்பார். ஆகவே முழு வேலைக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரே விலை பேசினார் ஷெர்லி. ஒரு பெண் தன் பங்கை நள்ளிரவில் எழுதினாளா, பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு எழுதினாளா என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், ஊக்கமூட்டும் நூறு பேச்சுகளைவிட இந்த ஒரு விலை ஒப்பந்தம் அந்தப் பெண்களுக்குப் பெரிய துணை. மேலே வந்த பெண் மற்ற பெண்களுக்குக் கை கொடுக்க வேண்டும் என்று மேடைதோறும் சொல்கிறோம். கை கொடுப்பது என்பது சம்பளம், நேரம், பொறுப்பு ஆகியவற்றின் விதிகளை மாற்றுவதாக இருந்தால்தான் மறுநாளும் அது நிலைக்கும்.

[திரையில்: ஒரு பக்கம் 6 பவுண்டு, மறுபக்கம் 80 ரூபாய்]

சரி, அப்பளத்துக்கு வருவோம். 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். சமூக சேவகர் சகன்லால் பாரேக்கிடம் அவர்கள் கடனாகப் பெற்ற தொகை 80 ரூபாய். முதல் நாள் விளைச்சல் நான்கு பாக்கெட். அதுதான் இன்றைய லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அந்தப் பெயர் சூட்டப்பட்டது 1962இல், அதாவது ஷெர்லி தம் நிறுவனத்தைத் தொடங்கிய அதே ஆண்டில்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்படும் வரை, ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற மாற்று விகிதமே நிலவியது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், ஒரு பவுண்டின் மதிப்பு 13 ரூபாய் 33 பைசா. அதை ஆறால் பெருக்கிப் பாருங்கள். எண்பது ரூபாய்! ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டங்கள், இரண்டு கண்டங்களில், மூன்று ஆண்டு இடைவெளியில், ஏறத்தாழ ஒரே தொகையில் தொடங்கியிருக்கின்றன. இது தற்செயல்தான், இதில் விதியின் விளையாட்டு எதுவும் இல்லை. ஆனாலும் கணக்கு இவ்வளவு அழகாக உட்காரும்போது ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

தொகை மட்டும் ஒத்துப்போயிருந்தால் இதை இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன். வேலை நடக்கும் விதத்தையும் பாருங்கள். லிஜ்ஜத் கிளையில் காலையில் மாவு பிசைந்து தயாராக இருக்கும். பெண்கள் வந்து நேற்று இட்டுக் காயவைத்த அப்பளங்களை ஒப்படைத்து, கூலியையும் இன்றைய மாவையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தங்களுக்கு வசதியான நேரத்தில் இடுவார்கள். அங்கே தபாலில் போனது தாள்; இங்கே பாத்திரத்தில் போகிறது மாவு. அங்கே இரண்டாம் முறை துளையிட்டுச் சரிபார்த்தார்கள். இங்கே அப்பளத்தின் தரத்தோடு வீட்டின் சுத்தத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். வீட்டை விட்டு வர முடியாத பெண்ணிடம் வேலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், தரத்தில் மட்டும் இரக்கம் காட்டாமல் இருப்பதும் இரண்டு இடத்துக்கும் பொது. நன்கொடை வாங்குவதில்லை என்பதையும் லிஜ்ஜத் பெண்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கிர்காமின் மொட்டை மாடி இங்கிலாந்தை முந்திவிட்டது என்பேன். லிஜ்ஜத்தில் அப்பளம் இடும் ஒவ்வொரு பெண்ணும் உறுப்பினர், ஆகவே உரிமையாளர். லாபத்திலும் நட்டத்திலும் பங்கு உண்டு. இன்று அப்படி இருப்பவர்கள் சுமார் 45,000 பேர். ஷெர்லியின் நிறுவனத்தில் பணியாளர்கள் கைக்குப் பங்கு வந்து சேர ஆண்டுகள் பல ஆயின. ஆனால் வந்தபோது நன்றாகவே வந்தது: தம் நிறுவனத்தின் கால் பங்கைத் தம் சொந்தப் பங்கிலிருந்தே பணியாளர்களுக்கு அவர் கொடுத்தார். 1996இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் நுழைந்தது; பணியாளர்களில் 70 பேர் கோடீசுவரர்கள் ஆனார்கள். சமையலறை மேசையிலிருந்து எழுந்து வந்த 70 பேர், நண்பர்களே! இதற்கு ஒரு லைக் போடாவிட்டால் வேறு எதற்குப் போடப்போகிறீர்கள்?

இடையில் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தத்தில் நிறுவனம் ஏறக்குறைய மூழ்கும் நிலைக்குப் போய் மீண்டது. 1975இல் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. பெண்களைக் காக்க வந்த அந்தச் சட்டத்தின்படி, பெண்களுக்கு மட்டும் முன்னுரிமை தரும் ஷெர்லியின் விதி செல்லாததாகிவிட்டது. ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. திறமை இருந்தால் வரட்டும் என்று அவர் வரவேற்றதாகவே தெரிகிறது.

இந்தக் கதையை முழுக்கப் பொன்னால் இழைத்துக் காட்டவும் எனக்கு மனமில்லை. பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்ற எண்ணத்தை ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் கேள்வி கேட்கவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதைச் சுற்றி வேலையை வளைத்துக் கொடுத்தது. அனுபவமுள்ள நிரலாளர்களைத் தேடிய நிறுவனம் என்பதால், படிக்கவே வழியில்லாத பெண்ணுக்கு அங்கே கதவு திறக்கவில்லை; அந்தப் பெண்ணுக்கு லிஜ்ஜத்தில் இடம் இருந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் எல்சி ஷட் என்பவர், ஷெர்லிக்குச் சில ஆண்டுகள் முன்பே, பிள்ளை பெற்ற நிரலாளர்களைக் கொண்டு இதேபோல ஒரு நிறுவனம் நடத்தினார்; அது தனி வீடியோவுக்கான கதை.

கடைசியாக நம் ஊர்த் தொடர்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷெர்லியின் நிறுவனம் பலமுறை பெயர் மாறி, 2001இல் சான்சா என்றானது. நொய்டா, புனே ஆகிய நகரங்களோடு சென்னையிலும் அதற்கு அலுவலகம் இருந்தது. 2007இல் பிரெஞ்சு நிறுவனமான ஸ்டீரியா அதை வாங்கிவிட்டது. ஷெர்லி தம் செல்வத்தில் பெரும்பகுதியை, குறிப்பாக ஆட்டிசம் தொடர்பான பணிகளுக்கு, கொடுத்துத் தீர்த்துவிட்டு 2025 ஆகஸ்டில் காலமானார். நேயர்களில் யாரேனும் சான்சாவின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றியிருந்தால், நிறுவனத்தின் பிறப்புக் கதையை அங்கே யாராவது உங்களுக்குச் சொன்னார்களா என்று கமெண்ட் பகுதியில் எழுதுங்கள்.