முள்ளு கத்திரிக்காயும் கோல்ஃப் பந்தும்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்களே, வேலூர் மக்களே, வணக்கம். மணியடிக்கறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

குடும்பத்தைச் சேர்த்து வைக்கிற ஆட்டம் கில்லியா, கோல்ஃபான்னு தலைப்பு. நான் கோல்ஃப் கட்சி. எனக்கு முன்னாடி பேசின அண்ணன் கேட்டாரு: "கோல்ஃப்பாம் கோல்ஃப்! பணக்காரன் தொப்பை கரைக்க நடக்கறதுக்குப் பேரு ஆட்டமா?"

அண்ணே, எங்க தாத்தா விரிஞ்சிபுரத்துக்காரரு. சின்ன வயசுல மெட்ராஸ் ஓடிப்போயி கிண்டியில துரைமாருக்கு கோல்ஃப் பை தூக்கினவரு. திரும்பி வரும்போது அவர் கொண்டாந்த சம்பாத்தியம், பிடி உடைஞ்ச ஒரு ஸ்டிக்கு, நாலு பந்து. பிடியில சைக்கிள் டியூபைச் சுத்தினாரு. மைதானத்துக்கு எங்க போறது? பாலாறு இருக்கே! கோல்ஃப்ல குழி நாலேகால் அங்குலம் அகலம், உலகம் பூரா ஒரே அளவு. எங்களுக்கு டால்டா டப்பாவைப் புதைச்சா அதான் குழி. பந்து மணல்ல விழுந்தா மத்தவன் தலையில கைவைப்பான். எங்களுக்கு ஆறே மணல்தான். (இப்ப மணலு லாரியில போயிடுச்சு, குழி மட்டும் மிச்சம்.)

ஒரு நாள் சித்தப்பா ஓங்கி விட்டாரு ஒரு அடி. பந்து போவுது, போவுது... ஆத்துக்குக் குறுக்கால வந்த ஒரு அம்மா தலைக்கூடையில 'பொத்'துனு விழுந்துச்சு. கூடையில என்ன? இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா! சித்தப்பா கையை விட்டாரு. 'ஐயோ'ன்னு எடுத்தாரு. தாத்தா கத்தறாரு: "கையால தொடாதடா! பந்து எங்க கெடக்குதோ அங்கருந்தேதான் அடிக்கணும், அதான் சட்டம்!" அந்தம்மா கூடையை ஒரு கையில பிடிச்சுகிட்டு, "எங்க, அடிச்சுப் பாரு!"ங்குது. மறந்துடாதீங்க, கூடை இன்னும் தலை மேலதான் இருக்கு! சித்தப்பா ஸ்டிக்கைப் பார்க்கறாரு, அந்தம்மாவைப் பார்க்கறாரு, தாத்தா சட்டம் பேசறாரு. கடைசியில கூடையோட விலைக்கு வாங்கினோம். மத்தியானம் கத்திரிக்கா குழம்பு, ராத்திரி கத்திரிக்கா பொரியல், விடிஞ்சா தொக்கு!

தொப்பையா அண்ணே? கொல்கத்தாவுல கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கிட்டவர் மகன் சௌராசியா. 2016, 2017 ரெண்டு வருஷமும் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் கோப்பை அவருக்குத்தான். பெங்களூர் முனியப்பா, பை தூக்கினவரு, 2009ல அதே கோப்பையைத் தூக்கினாரு. இதுல எவருண்ணே பணக்காரரு?

நம்ம கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ரியோ ஒலிம்பிக்ல ஆடினப்ப பை தூக்கினது அவங்க அப்பா. டோக்கியோவுல அம்மா. அங்க நாலாவது இடம், பதக்கம் கை நழுவிப் போச்சு. அந்த நேரத்துல பெத்தவ பக்கத்துல நிக்கறா பாருங்க, அதுக்கு எந்தப் பதக்கம்யா ஈடு?

எங்க தாத்தா ஊரான் பையைத் தூக்கினாரு. அவரைத் தூக்கற நாள் வந்தப்ப, நிலத்தகராறுல முகம் பார்க்காத எங்கப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தோள் குடுத்தாங்க. சுடுகாட்டுலருந்து திரும்பற வழியில சித்தப்பாதான் வாயைத் திறந்தாரு: "அண்ணே, அப்பா ஸ்டிக்கு யார்கிட்ட இருக்கு?" அவ்வளவுதான், எங்கப்பா அவரைக் கட்டிப் பிடிச்சுகிட்டு அழுதுட்டாரு.

அந்த ரெண்டு பேரும் இதோ மூணாவது வரிசையில ஒட்டி உக்காந்திருக்காங்க. எழுந்து நில்லுங்கப்பா! சித்தப்பா, நீங்களும்! தட்டறதை அவங்களுக்குத் தட்டுங்க. வணக்கம்.